குட்டைக்கு எத்தனை மார்க்?

கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே திருவள்ளூரில் இறங்கினால் கும்மிடிப்பூண்டி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும் என்று பினாங்கில் உட்கார்ந்தபடி நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் தீவில் எந்த மூலைக்கும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அந்தப் பழக்கத்தில் சென்னையில் மின்சார ரயில் ஏறி, திருநின்றவூரைத் தாண்டும்வரை ஜன்னலோரம் நிம்மதியாக வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தேன்.

திருவள்ளூர் ரயில் நிலைய வாசலில் பூ விற்ற அம்மாளிடம், "கும்மிடிப்பூண்டிக்கு நடந்தே போய்விடலாமா?" என்று கேட்டேன். அவர் என் பெட்டியை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார்.

"அது வேற லைன் நைனா. கலெக்டர் ஆபீசுக்கு வர்ற கும்மிடிப்பூண்டிக்காரங்களே திட்டிக்கினுதான் வராங்க. நீ இன்னாத்துக்கு இங்க வந்து மாட்டிக்கின?"

இரண்டு பஸ் மாறினேன். இரண்டாவது பஸ்ஸில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விசில் அடித்தால் ஓட்டுநர் நிறுத்தமாட்டார், பயணிகள் கூவினால்தான் நிறுத்துவார். நான் கூவியதில் மலேசிய வாடை அடித்ததோ என்னவோ, ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்க முடிந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த என்னை மோட்டார் சைக்கிளில் தேடிக் கண்டுபிடித்தவன் தனசேகர், என் மனைவியின் தம்பி.

தனசேகருக்குச் சொந்த ஊர் ஆரணி. வேலை இங்கே தொழிற்பேட்டையில், லாரிக்கு போல்ட் செய்யும் ஒரு கம்பெனியில். தரக் கட்டுப்பாட்டுக்கு அவன்தான் மேலாளர். நாள் முழுக்க எதையாவது அளந்துகொண்டிருக்கிற உத்தியோகம். வீட்டிலும் கை சும்மா இருப்பதில்லை. தோசை தட்டுக்கு வந்ததும் நடுவும் ஓரமும் ஒரே கனமா என்று விரலால் நெருடிப் பார்ப்பான். அவன் மனைவி அதைப் பார்க்காத மாதிரி அடுத்த தோசையை ஊற்றுவாள்.

ஒரு மாதம் முன்பு அவன் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, ஒரு அழகுப் போட்டிக்கு ஜட்ஜா வரணும்" என்றான். போட்டியில் யார் யார் கலந்துகொள்கிறார்கள் என்று என் மனைவி போனைப் பிடுங்கிக் கேட்டாள். ஒரு குட்டை, ஒரு மலை, ஒரு புல்வெளி என்று தெரிந்த பிறகுதான் என்னைக் கிளம்ப விட்டாள்.

விஷயம் இதுதான். பேட்டைக்குள் வரும் லாரிகளுக்கு நிற்க இடமில்லை. அந்தப் பக்கத்து முதலாளிகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் கையில் மூன்று பொது இடங்கள் இருந்தன. அதில் ஒன்றை அழித்து லாரி நிறுத்துவது என்று தீர்மானம். எதை அழிப்பது? இயற்கை அழகு எதில் குறைவோ அதை. யார் சொல்வது? அளப்பது தனசேகரின் வேலை, ஆகவே தனசேகர். அவனுடைய முதலாளிதான் சங்கத்துக்கும் தலைவர். எல்லோரும் அவரை எம்.டி. சார் என்றார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பழவேற்காட்டு இறால் தொக்கு. அதைத் தின்றுகொண்டே அவனுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "மச்சான், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அழகை எல்லாம் அளக்க முடியாது. அது அவரவர் மனசில் இருக்கிறது." முப்பது வருடமாகப் பினாங்கில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கொள்கை இல்லாவிட்டால் மார்க் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் தப்பித்திருக்கவே முடியாது.

தனசேகர் அசரவில்லை. "போல்ட்டை ஒருத்தன் அளந்தா போதாது மாமா. மூணு பேரு, ஆளுக்கு மூணு தடவை, எது எதுன்னு தெரியாம அளக்கணும். ஒத்துப்போச்சுன்னா அளவு போல்ட்டுல கீதுன்னு அர்த்தம். ஒத்துப்போகலன்னா கோளாறு அளக்கறவன்கிட்ட. அழகுக்கும் அதான். ஒத்துப்போகுதா இல்லியான்னு பாத்துருவோம், அப்புறம் பேசுவோம்."

மறுநாள் காலையில் மூன்று அளவுகோல்களும் கம்பெனி வாசலில் கூடினோம். ஒன்று நான். யாரையும் தெரியாத வெளிநாட்டுக்காரன், அதனால் பாரபட்சம் இராது என்பது என் தகுதி. இரண்டாவது பாஷா பாய். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், பஜாரில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுக்கிறவர். மூன்றாவது ஆளைத் தொழிலாளர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தார்கள். வருகை அட்டைகளை ஒரு போல்ட் பெட்டியில் போட்டுக் குலுக்கியபோது வந்த பெயர் எஸ்தர். பேக்கிங் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும்.

எஸ்தர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். காரணத்தை அவரே என்னிடம் சொன்னார். "அந்தக் குட்டைக்கரையிலதான் சார் நாங்க நாப்பது பொம்பளைங்க சோறு துன்றோம். ஷெட்டுக்குள்ள உக்கார முடியாது, அனலு. கரையில ஒரு கொடுக்காப்புளி மரம் கீது, அதான் நெழலு. பதினோரு வருசமா அங்கதான். அத லாரிக்குக் குடுத்துட்டா நாங்க ரோட்டுல நின்னுகினுதான் துன்னணும்."

"அதை அந்த மார்க் தாளில் எழுதுங்களேன்" என்றேன்.

"எழுதக் கூடாதாமே."

உண்மைதான். தாளின் அடியில் தனசேகர் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தான்: அழகுக்கு மட்டும் மார்க். ஒரு இடம் யாருக்கு, எதற்குப் பயன்படுகிறது என்று எழுதினால் அந்தத் தாள் செல்லாது. பயனைச் சேர்த்தால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர் பரிந்துகொண்டு சண்டைக்கு வருவார் என்று அவனுக்குப் பயம். ஆக, தன் நிழலைக் காப்பாற்ற வேண்டிய அந்தப் பெண்மணி நிழல் என்ற சொல்லையே எடுக்க முடியாது. குட்டை அழகு என்று மட்டும் சொல்லலாம்.

எங்கள் மூவர் கண்ணிலும் வெல்டிங் கண்ணாடியை மாட்டி, ஒரு வேனில் ஏற்றிப் பேட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எந்த இடத்தில் இறக்குகிறார்கள் என்று தெரியக் கூடாதாம். இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, ஒரு அட்டைச் சட்டத்தின் வழியாக ஐந்து நிமிடம் பார்க்கவிட்டு, மார்க்கை மடித்து வாங்கிக்கொண்டு மறுபடி கண்ணாடி. இப்படி ஒன்பது தடவை, இரண்டு நாள். வெல்டிங் கண்ணாடியோடு வேனில் போன எங்களைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரர், "இன்னாபா, கண்ணாஸ்பத்திரி வண்டியா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

எது எந்த இடம் என்று தெரியாமல் இருப்பதாவது! "மூணு ஸ்பீடு பிரேக்கரு தாண்டிச்சு, அப்புறம் ரப்பர் வாசனை. குட்டை" என்று எஸ்தர் இருட்டுக்குள் இருந்தே அறிவிப்பார். தனசேகர் முன் இருக்கையிலிருந்து, "எஸ்தரம்மா, தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி வாங்க" என்று கெஞ்சுவான்.

குட்டையை நான் முதலில் பார்த்தது காலை நாஷ்டாவுக்கு முன்பு. கோரை, பாசி, ஒரு பக்கம் ஆகாயத்தாமரை. பத்துக்கு மூன்று மார்க் போட்டேன். இரண்டாம் தடவை பார்த்தபோது பாஷா பாய் தன் செலவில் வாங்கிக் கொடுத்த பிரியாணி உள்ளே போயிருந்தது. மரத்தில் ஒரு மீன்கொத்தி, தண்ணீரில் அதன் நீலம். எட்டு. மூன்றாம் தடவை கொசு என் காதைத் தேடி வந்து கடித்தது. ஐந்து. புல்வெளிக்கு ஆறு, ஏழு, ஏழு.

மலையில்தான் நான் அசையவில்லை. கரிய பாறை, ஓங்கி நின்றது. அதன் முகமெல்லாம் நாணல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. எங்கள் பினாங்குக் கொடிமலையை நூறு தடவையாவது வரைந்திருப்பேன், அது பச்சையாக இருக்கும், கொழுத்திருக்கும். இது கறுப்பு, ஒல்லி, ரோஷக்காரி. பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஒன்பது, ஒன்பது, ஒன்பது. மூன்றாம் முறை காலடியில் கிடந்த ஒரு கல்லை ஊருக்குக் கொண்டுபோக எடுத்தேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு, உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை.

"எரிமலைப் பாறை!" என்று கூவினேன். இந்தத் தடவை தமிழில் நன்றாகவே கூவினேன்.

எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எரிமலையா? உலை சார், உலை. முன்ன இங்க ஒரு இரும்பு ஆலை இருந்துச்சு. இரும்ப உருக்கி எடுத்துட்டு மிச்சத்தக் கொட்டுவாங்கல்ல, அந்தக் கசடு. ஆலையும் போச்சு, ஆளுங்களும் போயாச்சு. இது மட்டும் நின்னுகினு கீது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குப்பைக்கா மூன்று தடவை நெஞ்சு அடைத்தது? தனசேகரிடம் போய், "அந்த ஒன்பதை எல்லாம் அடித்துவிட்டு இரண்டு என்று போடு" என்றேன்.

அவன் பேனாவை மூடி வைத்துவிட்டான். "மலை அப்படியேதான் நிக்குது மாமா. மாறுனது நீங்க. குட்டைக்கும் மூணு, எட்டு, அஞ்சு. இந்த மாதிரி ஒரு அளவுகோலு ஆடிச்சுன்னா நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரியவைத்தான். பழுதான கருவிகளுக்குச் சிவப்பு அட்டை கட்டி, தரையில் சிவப்பு வண்ணத்தால் கோடு போட்ட ஒரு சதுரத்துக்குள் வைப்பது கம்பெனி வழக்கம். விதிக்கு உறவு கிடையாது என்று சொல்லி, என் சட்டைப் பொத்தானில் சிவப்பு அட்டையைக் கட்டி, சதுரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். சற்று நேரத்தில் பாஷா பாயும் அட்டையோடு வந்து சேர்ந்தார். அவர் ஒன்பது தடவையும் எட்டு போட்டிருந்தார்.

"இன்னா சார் பண்றது? கல்யாண ஆல்பத்துல யாருக்காச்சும் எட்டுக்குக் கீழ போட்டா நாளைக்கு ஸ்டுடியோவத் தொறக்க முடியுமா?" என்றார். யாரோ எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்து, கோட்டைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டிக் கொடுத்தார்கள்.

எஸ்தரின் தாள்களைத் தனசேகர் பிரித்து மேசைமேல் வரிசையாக அடுக்கியதைச் சதுரத்துக்குள் இருந்தே பார்த்தேன். மலை ஏழு, ஏழு, ஏழு. குட்டை ஆறு, ஆறு, ஆறு. புல்வெளி நாலு, நாலு, நாலு. "பதினெட்டு வருச சர்வீசுல இப்படி ஒரு கருவிய நான் பாத்ததில்ல" என்றான்.

நான் விடுவேனா? "நின்றுபோன கடிகாரமும்தான் எப்போதும் ஒரே மணியைக் காட்டுகிறது. பாஷா பாயும் மாறாமல் எட்டு போட்டார். அவரை ஏன் இங்கே உட்காரவைத்தாய்?"

தனசேகர் யோசித்தான். எஸ்தர்தான் பதில் சொன்னார். பேச்சில் கொஞ்சம் சூடு இருந்தது. "இன்னா சார், கண்ண மூடிக்கினா போட்டேன்? கேளுங்க, சொல்றேன். நான் வேலைக்கு வந்தப்ப அந்த மலையில ஒரு புல்லு கிடையாது. வெறும் கறுப்பு, வெயில்ல கிட்டப் போக முடியாது. யாரும் வெதைக்கல, தண்ணி ஊத்தல. கீழ ரெண்டு நாணலு வந்துச்சு, அப்புறம் வருசா வருசம் ஏறி ஏறி மேல போய்க்கினே கீது. அதத் தெரிஞ்சுகினு பாத்தா ஏழு. நீங்க எரிமலைக்கு மார்க் போட்டீங்க. இங்க எரிமலை கெடையாதே. அப்புறம் குப்பைக்கு மார்க் போட்டீங்க. அதுவும் இப்ப வெறும் குப்பை இல்ல. இருக்கிறதப் பாத்துப் போடுங்க சார்."

ஓவிய ஆசிரியனைப் பார்த்து, இருப்பதைப் பார் என்று ஒரு பேக்கிங் தொழிலாளி சொல்கிறார். நான் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிற வாக்கியம் அது, சொல்லிவிட்டு நானே மறந்துபோனது. வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் மலைக்கு நடந்தேன். இரண்டு மார்க் மலையைப் பார்க்கலாம் என்றுதான் போனேன். அங்கே இரண்டு மார்க் மலை இல்லை. அந்த ஒன்பது மார்க் எரிமலையும் இல்லை. ஆலை துப்பிவிட்டுப் போன கசட்டைப் புல் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் வந்துவிட்டது. என்னால் ஆறுக்குக் கீழே இறங்க முடியவில்லை, எட்டுக்கு மேலே ஏறவும் முடியவில்லை. சிவப்பு அட்டைக்காரன் மார்க் செல்லாது என்பதால் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குள் செய்தி மேலே போய்விட்டது. செல்லுபடியானது எஸ்தரின் மார்க் மட்டும்தான், அதன்படி கடைசி இடம் புல்வெளி. அது கம்பெனி வாசலில், எம்.டி. சாரின் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பது. நடுவில் நீரூற்று, இரண்டு சிமெண்ட் மான். அங்கேயா லாரி நிற்கும்? அலுவலகத்தில் எல்லோரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எஸ்தர் புல்வெளிக்கு ஏழு என்று மாற்றிப் போட்டுவிட்டால் போதும், பிரச்சினை தீரும் என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் சொன்னார். தீரும்தான். அப்போது கடைசி இடம் குட்டை.

நான்காம் நாள் பதினோரு மணிக்கு எம்.டி. சார் இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர், கோபக்காரராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. தனசேகரின் முகத்தில் ரத்தம் இல்லை. பேக்கிங் பெண்கள் ஷெட் வாசலில் கும்பலாக நின்று பார்த்தார்கள். எஸ்தருக்கு இருப்பது ஒப்பந்த வேலை, வாயால் சொன்னால் போதும், நாளை வரவேண்டாம்.

எம்.டி. சார் புல்வெளியின் நடுவில் போய் நின்றுகொண்டு, "இதுக்கு எத்தனை மார்க்கும்மா? என் எதிர்ல சொல்லு" என்றார்.

எஸ்தர் பார்த்தார். இடப்பக்கம் தலையைச் சாய்த்தார், பிறகு வலப்பக்கம். "சார், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? மறைக்குது."

எம்.டி. சார் தள்ளி நின்றார். பாஷா பாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு சார்."

"இன்னா கொறச்சல்?"

"புல்ல நல்லாத்தான் வளத்துகிறாங்க சார். ஆனா ஒரு தும்பி இல்ல. ஒரு வெட்டுக்கிளி இல்ல. கொக்கு ஒண்ணு இப்படித்தான் பறந்து போவுது, ஒரு நாள் இறங்கிப் பாத்ததில்ல. மருந்தடிச்சு அடிச்சுக் கம்பளம் மாதிரி கெடக்குது. பச்சையா கீது, அதுக்குத்தான் நாலு."

எம்.டி. சார் குனிந்து புல்லைப் பார்த்தார். ஒரு காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். எதுவும் எழுந்து பறக்கவில்லை. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். பத்து வருடமாக ஜன்னல் வழியாகப் பார்த்த இடத்தை அவர் அப்போதுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஐந்து நிமிடம் இருக்கும். விதிப்படி பார்க்க வேண்டிய நேரமும் அதுதான்.

"எனக்கு அஞ்சு தோணுது" என்றார் கடைசியில், தனசேகரிடம்.

"சார், அஞ்சு போட்டாலும் இதான் சார் கடைசி" என்றான் தனசேகர்.

"தெரியுதுப்பா. அதுக்காக ஏழுன்னு சொல்ல முடியுமா?" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மான்களை மட்டும் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

அன்று மதியம் பெண்கள் என்னைக் குட்டைக்கரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பிடி போட்டதில் என் தட்டில் காரக்குழம்பும் கருவாட்டுத் தொக்கும் முட்டைப் பொரியலும் தயிர்ச் சோறும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. கொடுக்காப்புளி நிழல் எங்கள் எல்லோருக்கும் போதவில்லை, நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எஸ்தரை முதுகில் தட்டினார்கள், அவர் புரையேறி இருமினார்.

எனக்கு ஒரு கேள்வி இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன். "ஏம்மா, குட்டைக்கு முதலிலேயே பத்து போட்டிருக்கலாமே? புல்வெளிக்கும் ஒன்பது போட்டு முதலாளியைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். போயிருந்தால் அந்தக் கசட்டு மலைதான் போயிருக்கும், அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? இவ்வளவு பயப்பட வேண்டியே இருந்திருக்காதே."

எஸ்தர் கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டு, மென்று விழுங்கினார். தண்ணீரைப் பார்த்தார். எதிர்க்கரையில் ஆகாயத்தாமரை கால்வாசிக் குட்டையை மூடியிருந்தது.

"பத்து இல்லியே சார்" என்றார்.